மட்டக்களப்புச் சமதரையும் ஒரு பெரிய மோட்டரும்

பிரஷ்லெஸ் மோட்டர் (உள்ளே உரசும் கார்பன் பிரஷ் இல்லாத, மூன்று வயர் மோட்டர்) ஒன்று கையில் கிடைத்தால் பற்றரியைத் தேடுவதற்கு முன் அதை வெறுங்கையால் சுற்றிப் பாருங்கள். மூன்று தடித்த வயர்களும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும். உள்ளே காந்தங்கள் இரும்புப் பற்களைத் தாண்டும்போது விரலுக்கு ‘டக், டக்’ என்று தெரியும். மற்றபடி லேசாகச் சுற்றும். இப்போது மூன்று வயர் முனைகளையும் ஒன்றாக முறுக்கிவிட்டு மறுபடி சுற்றுங்கள். வாவிச் சேற்றில் ஊன்றிய கோலைப் பிடுங்குவதுபோல் இருக்கும். மெல்லச் சுற்றினால் விட்டுக்கொடுக்கும், வேகமாகச் சுற்றினால் இறுகும்.

இது பாடசாலையில் படித்த லென்சின் விதிதான். கம்பிச் சுருளைக் காந்தம் கடக்கும்போது சுருளில் மின் பிறக்கும் என்று 1831இல் ஃபரடே காட்டினார். அந்த மின் ஓட வழி கிடைத்தால், அது தன்னைப் பிறப்பித்த அசைவையே எதிர்க்கும். வயர்கள் பிரிந்திருக்கும்போது வழி இல்லை, அதனால் எதிர்ப்பும் இல்லை. வயர்களைப் பிரித்த பிறகும் சேற்றுப் பிடி விடவில்லை என்றால் உள்ளே எங்கோ சுருள் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

இந்தச் சோதனையை எனக்குக் காட்டியவர் ஆரையம்பதியில் மோட்டர் வைண்டிங் செய்யும் ஒரு அண்ணன். படுவான்கரை வயல்களிலிருந்து எரிந்துபோய் வரும் தண்ணீர் பம்ப் மோட்டர்களுக்குப் புதுக்கம்பி சுற்றுவது அவர் தொழில். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களிலேயே என் மச்சானுக்கு மின்சார சைக்கிள் ஆசை பிடித்துவிட்டது. ரேடியோ விமானங்களுக்குச் செய்த பெரிய மோட்டர் ஒன்றை அண்மையில் வாங்கிவந்தான். சின்னத் தேங்காய் அளவு, இரண்டு கிலோவுக்குக் கிட்டப் பாரம். லேபிளில் 130 கேவி என்றும் 7 கிலோவாட் என்றும் இருந்தது.

அந்த 7 கிலோவாட்டை மறந்துவிடலாம். எவ்வளவு காற்று பட்டால், எத்தனை நிமிடத்துக்கு என்று சொல்லாத வலு எண் நமக்கு உதவாது. கேவிதான் உதவும். ஒரு வோல்ட் கொடுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதே அது. மோட்டரை வெளியிலிருந்து சுற்றினால் அது ஜெனரேற்றர் ஆகிவிடுவதால், இதைப் பற்றரி இல்லாமலே அளக்கலாம்.

அண்ணனின் லேத்தில் மோட்டரின் அச்சைப் பூட்டி, மல்டிமீற்றரை ஏசியில் வைத்து, இரண்டு இரண்டு வயராகத் தொட்டோம். மூன்று சோடியிலும் 5.8 வோல்ட். மூன்றும் ஒரே அளவாக வந்ததே முதல் நல்ல செய்தி. ஒன்று குறைந்திருந்தால் அந்தச் சுருளில் கோளாறு. வேகம் அளக்கக் கருவி இல்லையே என்று மச்சான் யோசித்தான். மீற்றரை அதிர்வெண்ணுக்கு மாற்றினால் போதும். இந்த மோட்டரில் 14 காந்தங்கள், அதாவது 7 சோடி. ஒரு சுற்றுக்கு ஏழு மின் அலை. மீற்றர் 117 ஹேர்ட்ஸ் காட்டியது. அதை ஏழால் வகுத்து அறுபதால் பெருக்கினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1000 சுற்று. ஏசியில் மீற்றர் காட்டுவது அலையின் உச்சியை அல்ல; 5.8ஐ 1.414ஆல் பெருக்கினால்தான் உச்சி, 8.2 வோல்ட். 1000ஐ அதால் வகுத்தால் 122. லேபிள் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறது.

கேவி தெரிந்தால் முறுக்குவிசையும் தெரியும். 9.55ஐக் கேவியால் வகுத்தால், ஒரு அம்பியருக்கு எத்தனை நியூட்டன் மீற்றர் என்று வரும். நமக்கு 0.078. கேவி குறைந்த மோட்டர் மெல்லச் சுற்றும், ஆனால் ஒவ்வொரு அம்பியருக்கும் கூடுதலாக முறுக்கும்.

அடுத்தது சுருளின் தடை. மல்டிமீற்றரின் ஓம் பகுதி இங்கே பயன்படாது, மீற்றர் வயரின் தடையே மோட்டரின் தடையைவிடப் பெரிது. இரண்டு வயருக்கூடாக 5 அம்பியரை ஓடவிட்டு, மோட்டரின் முனைகளிலேயே வோல்ட்டை அளந்தோம். 120 மில்லிவோல்ட், அதாவது 24 மில்லிஓம். ஓட்டத்தை வர்க்கித்து இதால் பெருக்கினால் செம்பில் வீணாகும் வெப்பம். 24 அம்பியரில் 14 வாட்தான். 80 அம்பியரில் 154 வாட்.

மோட்டரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்தச் செம்பு வெப்பத்தோடு நின்றுவிடுகிறார்கள். எங்கள் ஊருக்கு அடுத்த சோதனைதான் முக்கியம்.

மோட்டரை வைஸில் இறுக்கி, சுமை எதுவும் இல்லாமல், கொன்ட்ரோலரை (பற்றரியின் மின்னை மூன்று வயருக்கும் மாறி மாறி அனுப்பும் பெட்டி) முழுதாகத் திறந்து ஓடவிட்டோம். 24 வோல்ட்டில் 1.9 அம்பியர் எடுத்தது, ஏறத்தாழ 46 வாட். 48 வோல்ட்டில் 2.8 அம்பியர், 134 வாட். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா சுற்றுவதற்கு இவ்வளவு. வேகம் இரண்டு மடங்காக, வீண்செலவு மூன்று மடங்காகிவிட்டது.

இதில் பெரும்பகுதி இரும்பில் போகிறது. சுருளைத் தாங்கும் இரும்புப் பற்களில் காந்தத் திசை ஓயாமல் புரள்கிறது. ஒவ்வொரு புரளலுக்கும் கொஞ்சம் சக்தி வெப்பமாகும். அதோடு, மாறும் காந்தம் கம்பியில் மட்டுமல்ல, இரும்புக்குள்ளும் சுழிபோல் மின்னை ஓடவைக்கும். இந்தச் சுழிகளை அறுப்பதற்காகத்தான் இரும்பை ஒரே கட்டியாக வைக்காமல், மெல்லிய தகடுகளாக வெட்டி, இடையில் காப்புப் பூசி அடுக்குகிறார்கள். அண்ணன் ஒரு பம்ப் மோட்டரின் தகடு ஒன்றைப் பிய்த்துக் காட்டினார், அரை மில்லிமீற்றர் இருக்கும். “வீட்டு கரண்ட் 50 ஹேர்ட்ஸ். அதுக்கு இது காணும். உங்கட மோட்டரில எவ்வளவு ஓடுது?” என்று கேட்டார். கணக்குப் பார்த்தால் 48 வோல்ட்டில் 680 ஹேர்ட்ஸைத் தாண்டுகிறது. அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

சரி, சுமை கொடுத்தால் என்ன ஆகும்? பிரெஞ்சுப் பொறியியலாளர் புரோனி 1821இல் கண்டுபிடித்த பிரேக் முறையையே செய்தோம். மோட்டரில் ஒரு கப்பியைப் பூட்டி, அதை இரண்டு மரத்துண்டுகளால் இறுக்கி, மரத்திலிருந்து 25 சென்ரிமீற்றர் நீளக் கை ஒன்றை நீட்டி, அதன் நுனியை மீன் நிறுக்கும் தொங்கு தராசில் மாட்டினோம். மோட்டர் மரத்தைத் தன்னோடு இழுத்துப் போகப் பார்க்கும், தராசு அதைப் பிடித்து நிறுத்தும். 24 வோல்ட், 24 அம்பியரில் தராசு 700 கிராமை ஒட்டி ஆடிக்கொண்டு நின்றது. கணக்கில் அது 1.7 நியூட்டன் மீற்றர். உள்ளே போனது 576 வாட், அந்த முறுக்குவிசையைச் சுழலும் வேகத்தால் பெருக்கினால் அச்சில் வந்தது ஏறத்தாழ 515 வாட். மிச்சம் 60 வாட், செம்பின் 14ஐயும் இரும்பின் 46ஐயும் கூட்டினால் வருவதேதான். தனித்தனியே அளந்த எண்கள் ஒரு மரத்துண்டிலும் மீன் தராசிலும் வந்து ஒன்றாகச் சேர்ந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது. மரம் புகையத் தொடங்கியதால் மச்சான் போத்தல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தான்.

கால் மணி நேரம் கழித்து நிறுத்தி, உடனே தடையை மறுபடி அளந்தோம். 120 மில்லிவோல்ட் 134 ஆகியிருந்தது. ஒரு பாகை சூடு ஏற, செம்பின் தடை நூற்றுக்கு 0.39 அளவில் கூடும். அப்படியென்றால் சுருள் சுமார் 30 பாகை சூடேறியிருக்கிறது. பட்டறை வெயிலுக்கு 31 பாகையில் இருந்தது, ஆகவே சுருள் 61. சுருளே தனக்கு வெப்பமானி. சாதாரண நியோடிமியம் காந்தங்கள் 80 பாகைக்கு மேல் நிரந்தரமாகப் பலம் இழக்கக்கூடும் என்பதால் இந்த எண்ணைப் பார்க்காமல் விடக்கூடாது.

இனி சைக்கிளுக்கு வருவோம். ஆரையம்பதியிலிருந்து களுவாஞ்சிக்குடிப் பக்கம் போனால் பாதை மேசைபோல் கிடக்கிறது. நகரப் பக்கம் வந்தால் கல்லடிப் பாலம்தான் மலை. மணிக்கு 30 கிலோமீற்றரில் சமதரையில் போகச் சில்லுக்கு வேண்டியது 200 வாட் அளவுதான். மலைநாட்டு ஏற்றங்களை நினைத்துச் சொல்லப்படும் ஆலோசனை, மோட்டரை வேகமாகச் சுற்றவிட்டுப் பற்சக்கரத்தால் நன்றாகக் குறை என்பது. 48 வோல்ட், பதினாறுக்கு ஒன்று (மோட்டர் பதினாறு சுற்றினால் சில்லு ஒரு சுற்று) என்று மச்சானும் அப்படித்தான் நினைத்திருந்தான். 30 கிலோமீற்றர் வேகத்தில் அப்போது மோட்டர் நிமிடத்துக்கு 3800 சுற்றுக்கு மேல் ஓடும். எங்கள் அளவுகளை வைத்துப் பார்த்தால் இரும்பிலும் செம்பிலும் சேர்த்து 70 வாட் போகும். அதே மோட்டரை 24 வோல்ட்டில், எட்டுக்கு ஒன்று என்று பூட்டினால் வேகம் பாதி, இழப்பு 30 வாட்டுக்குள். உச்ச வேகம் இரண்டிலும் ஒன்றுதான், மணிக்கு 45 கிலோமீற்றர். பற்றரியிலிருந்து எடுப்பது நூற்றுக்குப் பதினைந்து குறைகிறது.

பாலம் ஏறும்போது ஓட்டம் 40 அம்பியரைத் தாண்டும். அந்த ஒரு நிமிடத்துக்குச் செம்பு 40 வாட்டுக்குக் கொஞ்சம் கூடச் சூடாகும். தாங்கும். ஆனால் ஓட்டம் இரண்டு மடங்கு என்பதால் பற்றரி வயர் நல்ல தடிப்பாக வேண்டும், கொன்ட்ரோலரும் அதற்கேற்றதாக வேண்டும். அதில் காசு மிச்சம் பிடிக்க முடியாது. எட்டுக்கு ஒன்றை ஒரே செயினில் எடுத்தால் பின்சில்லின் பற்சக்கரம் மிகப் பெரிதாகிவிடும். முதலில் பெல்ட், அப்புறம் செயின் என்று இரண்டு படியாகச் செய்யத் தீர்மானித்திருக்கிறோம்.

இன்னொன்று கடற்காற்று. இந்த மோட்டரின் இரண்டு பக்கமும் திறந்தே இருக்கிறது. நியோடிமியத்தின் நிக்கல் பூச்சில் சின்னக் கீறல் விழுந்தாலும் உப்புக்காற்று உள்ளே போய் அரிக்கும், தகட்டு விளிம்புகளும் துருப்பிடிக்கும். அண்ணன் மோட்டரைக் கழற்றி, பம்ப் சுருளுக்குப் பூசும் அதே வார்னிஷை இரும்புப் பற்களின் விளிம்பிலும் காந்தங்களின் ஓரத்திலும் மெல்லிய தூரிகையால் தடவினார். காந்தத்துக்கும் பல்லுக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றர்கூட இடைவெளி இல்லை, அதனால் தடவுவதும் துடைப்பதுமாகவே பொழுது போனது. இப்போது அது அவர் கடை மேசையில் காய்கிறது.