வீடியோவுக்கு ஸ்ட்ரைக் விழுந்தால், சேனல் முடங்கினால்

கோபியிலிருந்து தாராபுரம் வரை ஏதாவது ஓர் ஊரில், வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் வள்ளி கும்மி அரங்கேற்றம் நடந்துகொண்டே இருக்கிறது. அதையும் நோம்பி, தேர், மாட்டுச் சந்தை, கல்யாணச் சீர் எல்லாவற்றையும் படம்பிடித்து யூடியூபில் ஏற்றும் நம்மூர்ப் பிள்ளைகள் ஏராளம். ஆட்டம் அவர்கள் எடுத்ததுதான். ஆனால் இடைவேளையில் மைக் செட்டில் ஓடிய சினிமாப் பாட்டும் கூடவே பதிவாகிவிடுகிறது. வீடியோ ஏற்றியதும் காப்பிரைட் அறிவிப்பு வந்து நிற்கிறது.

"கோயில் விழாவில் பாட்டுப் போடச் சட்டமே அனுமதிக்கிறதே?" என்று கேட்பார்கள். சரிதான். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, மதச் சடங்குகளிலும் கல்யாண ஊர்வலம், அதையொட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டு ஒலிப்பதை மீறலாகக் கருதுவதில்லை. அந்தச் சலுகை பந்தலுக்கு உண்டானது, யூடியூபுக்கு அல்ல. அதை நம்பிப் பாட்டோடு வீடியோ ஏற்றாதீர்கள். அந்த இடத்தில் ஒலியை நீக்கிவிடுங்கள்.

அதே பிரிவில்தான் நியாயமான பயன்பாடும் வருகிறது. சொந்த உபயோகம், ஆராய்ச்சி, விமர்சனம், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கு அடுத்தவர் படைப்பை அளவோடு எடுத்தாளலாம். அமெரிக்கச் சட்டம் இப்படிப் பட்டியல் போட்டு நிறுத்தாமல், எதற்காக எடுத்தார், எவ்வளவு எடுத்தார், உரிமையாளரின் சந்தைக்கு என்ன பாதிப்பு என்றெல்லாம் எடைபோடும். இத்தனை விநாடி வரை எடுக்கலாம் என்ற கணக்கு இரண்டு சட்டத்திலும் கிடையாது. கீழே "நன்றி" என்று போட்டுவிட்டால் அனுமதி கிடைத்ததாகவும் ஆகாது.

கும்மிக்கும் உரிமை உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வழிவழியாக வந்த பாட்டு பொதுச்சொத்து. கும்மி ஆசிரியர் புதிதாகக் கட்டிய பாட்டோ அவர் வாழ்நாள் முழுக்கவும், அதன்பின் 60 ஆண்டுகளும் அவருடையது. ஆடுபவர்களுக்கும் பாடுபவர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை 50 ஆண்டுகள் இருக்கிறது. ஆகவே படம்பிடிக்கும் முன்பே ஆசிரியரிடம் கேட்டு, சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பவர் அவர். அவரைக் கேட்காமல் அதில் வருமானம் பார்ப்பது முறையல்ல.

இனி அறிவிப்பு வந்தால் என்ன செய்வது? முதலில் அது கிளெய்மா, ஸ்ட்ரைக்கா என்று பாருங்கள். கண்டென்ட் ஐடி என்ற தானியங்கி முறை பாட்டை அடையாளம் கண்டு போடுவது கிளெய்ம். பெரும்பாலும் அந்த வீடியோவின் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், அவ்வளவுதான், சேனலுக்கு ஆபத்தில்லை. தவறு என்றால் மறுக்கலாம். எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஸ்ட்ரைக் அப்படியல்ல. உரிமையாளர் முறைப்படி கேட்டு வீடியோவை நீக்கவைத்தால் வருவது அது. 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும். பயந்துபோய் வீடியோவை அழித்தாலும் ஸ்ட்ரைக் போகாது. உரிமையாளரிடம் பேசித் திரும்பப்பெறச் சொல்லலாம். நியாயம் உங்கள் பக்கம் உறுதியாக இருந்தால், வீடியோவைத் திருப்பிப் போடச் சொல்லி யூடியூபுக்கு எதிர் அறிவிப்புக் கொடுக்கலாம். அதற்குப்பின் 10 அமெரிக்க வேலைநாட்களுக்குள் அவர் வழக்குப் போட்டதைக் காட்டாவிட்டால் வீடியோ திரும்பி வரும். உங்கள் பெயரும் முகவரியும் அவர் கைக்குப் போகும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் யூடியூப் நிறுவனத்துக்குள் நடப்பவை. அங்கே கதவு அடைத்தபின் அரசின் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பெருந்துறையில் உட்கார்ந்து வீடியோ போடுகிற ஒருவருக்கு இதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம். 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளமும் ஒரு குறைதீர்க்கும் அலுவலரை வைத்திருக்க வேண்டும். புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, விதி சொல்லும் கெடுவுக்குள் முடிவும் சொல்ல வேண்டும். அந்த முடிவில் திருப்தி இல்லையென்றால் ஒன்றிய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2022-இல் விதி திருத்தப்பட்டு, 2023-இல் மூன்று குழுக்கள் அமைந்தன.

மனு கொடுப்பதிலிருந்து தீர்ப்பு வரை முழுக்க இணையத்திலேயே நடக்கும். டெல்லிக்கு அலைய வேண்டாம். அலுவலரின் பதில் கைக்கு வந்த 30 நாளுக்குள் மனு போய்விட வேண்டும். அதனால் முதல் நாளிலிருந்தே அறிவிப்பின் ஸ்கிரீன்ஷாட், புகார் எண், வந்த மின்னஞ்சல்கள், வெட்டாத அசல் காட்சி, ஆசிரியர் கொடுத்த சம்மதம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். குழு ஆராய்வது தளம் விதிப்படி நடந்ததா என்பதை. பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற சண்டைக்கு நீதிமன்றம்தான் இடம்.

இன்னொன்று. உரிமையே இல்லாதவர் "பணம் கொடு, இல்லாவிட்டால் வழக்கு" என்று மிரட்டினால் உடனே கொடுத்துவிடாதீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவில், ஆதாரமற்ற மிரட்டலுக்குத் தடை உத்தரவும் நஷ்டஈடும் கேட்டு நீங்களே வழக்குப் போட வழி இருக்கிறது.