ஃபட்டீக்: உலோகத்துக்குக் களைப்பு உண்டா?

சிறிய பயிற்சி விமானம் ஒன்று நல்ல வெயிலில், காற்றில்லாத பொழுதில் மெதுவாக இறங்குகிறது. சக்கரங்கள் தரையைத் தொட்டுக் கொஞ்ச தூரம் ஓடியதும் ஒரு பக்கத்துக் கால் ஒடிந்து, இறக்கையின் நுனி உரச, விமானம் சுழன்று நிற்கிறது. ஓட்டியவர் மேல் தவறில்லை. இப்படிப்பட்ட விபத்துகளின் அறிக்கையில் 'லேண்டிங் கியர் ஃபட்டீக் ஃபெய்லியர்' என்ற தொடர் வரும். அதை 'சோர்வுத் தோல்வி' என்று தமிழில் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. அதனால் தொடரை ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் கியர். பழைய நார்ஸ் மொழியில் உடை, தளவாடம் என்ற பொருளில் இருந்த சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பல்சக்கரம் என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. இங்கே பல்லும் இல்லை, சக்கரம் மட்டுமே முழுப்பொருளும் இல்லை. விமானத்தைத் தாங்கும் கால், அச்சு, சக்கரம், பிரேக் எல்லாம் சேர்ந்ததுதான் லேண்டிங் கியர். 'தரையிறங்கு அமைப்பு' சரியான சொல். ஒடிவது அதன் தண்டு என்றால், 'கால்' என்றே சொல்லிவிடலாம்.

அடுத்து ஃபெய்லியர். இது தேர்வில் வரும் தோல்வி இல்லை, முறிவு. பானை உடையும், குச்சி ஒடியும், எலும்பு முறியும். சுமை தாங்கும் உறுப்புக்கு முறிவு என்ற சொல்தான் பொருந்தும்.

இப்போது ஃபட்டீக். லத்தீனில் 'ஃபத்திகாரே' என்றால் களைக்கச் செய்தல். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1830களில் பிரான்சின் மெட்ஸ் நகரில் பாடம் நடத்திய பொறியாளர் போன்சலே, இந்தச் சொல்லை உலோகத்துக்குப் பொருத்தினார். 1854-இல் லண்டனில் ஆங்கிலப் பொறியாளர் பிரெடரிக் பிரெய்த்வெயிட் வாசித்த கட்டுரையின் தலைப்பிலேயே அது இடம்பெற்றது. இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய துயரம் நடந்தது. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அச்சு திடீரென்று ஏன் முறிய வேண்டும்? நாளாக நாளாக இரும்பு படிகமாக மாறிவிடுகிறது என்று அன்றைக்குப் பலர் நம்பினார்கள். அது பிழை. பிரஷ்ய ரயில்வேயில் இருந்த ஆகஸ்ட் வோலர் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றி வளைத்துப் பல ஆண்டுகள் சோதித்தார். ஒரே தடவை வந்தால் உலோகம் எளிதாகத் தாங்கும் சுமையே, பல்லாயிரம் தடவை வந்து போனால் அதை முறித்துவிடும் என்று காட்டினார்.

குறளில் வரும் மயிற்பீலி வண்டியின் அச்சு முறிவது வேறு காரணத்தால். 'சால மிகுத்து' ஏற்றியதால் 'அச்சிறும்'. அது அதிகச் சுமை. ஃபட்டீக்கில் சுமை அளவு மீறுவதே இல்லை, திரும்பத் திரும்ப வருகிறது, அவ்வளவுதான்.

செஸ்னா நிறுவனத்தின் 140, பழைய 172 போன்ற சிறு விமானங்களின் கால் ஒரு தட்டையான எஃகு வில்தான், அதாவது ஸ்பிரிங். பந்தய விமானி ஸ்டீவ் விட்மன் உருவாக்கிய எளிய, அருமையான யோசனை அது. 172-இல் 1971 முதல் தட்டை வில்லுக்குப் பதிலாகக் குழாய் வடிவக் கால் வந்தது. இறங்கும்போது தரை சக்கரத்தை மேலே தள்ள, கால் வளைந்து, அதன் அடிப்பக்கம் இழுபடும். அந்தப் பக்கத்தில் பெயின்ட் உதிர்ந்து ஒரு துருக்குழி இருந்தாலோ, கல் பட்டு ஒரு கீறல் விழுந்திருந்தாலோ, விரிசல் அங்கேதான் பிறக்கும். போல்ட் துளையின் விளிம்பும் அப்படிப்பட்ட இடம்தான். ஒவ்வொரு இறக்கத்திலும் விரிசல் கண்ணுக்குத் தெரியாத அளவு நீளும். மிச்சமுள்ள உலோகம் போதாமல் போகும் நாளில் கால் முறியும். முறிந்த முகத்தைப் பார்த்தால் கதை முழுதும் தெரியும்: ஒரு பகுதி வழுவழுப்பாக, அலை வாங்கிய மணலில் பதிந்த கோடுகள் மாதிரி வளைகோடுகளோடு இருக்கும், கடைசியில் முறிந்த பகுதி மட்டும் சொரசொரப்பாக இருக்கும்.

சரி, இதற்குத் தமிழில் என்ன சொல்? களைப்பு, சோர்வு இரண்டுமே ஓய்வெடுத்தால் தீருபவை. வளர்ந்துவிட்ட விரிசல், விமானத்தைக் கொட்டகையில் ஒரு வருடம் நிறுத்தி வைத்தாலும் மூடாது. அதோடு, தூக்கமில்லாத விமானியின் நிலைக்கும் ஆங்கிலத்தில் ஃபட்டீக் என்றுதான் பெயர். ஒரே அறிக்கையில் இரண்டும் வரலாம். எனவே விமானிக்குச் சோர்வு, உலோகத்துக்கு அயர்ச்சி என்று பிரித்துக்கொள்வதே என் தேர்வு. அயர்ச்சியும் அயர்ந்து தூங்கினால் தீருவதுதானே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனாலும் அன்றாடப் பேச்சில் அவ்வளவாகப் புழங்காத பெயர்ச்சொல் என்பதால், ஒரு துறைக்கென்று ஒதுக்கிவைக்க வசதியானது. ஆகவே 'தரையிறங்கு காலின் அயர்ச்சி முறிவு'. 'தேய்மானம்' மட்டும் வேண்டவே வேண்டாம். தேய்வது கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது.

ஆனால் மனசுக்கு நெருக்கமான சொல் பேச்சில்தான் இருக்கிறது. பழைய கயிற்றை 'இத்துப்போச்சு' என்கிறோமே, அது இற்றுப்போதல். 'அச்சிறும்' என்பதில் உள்ள அதே இறுதல்தான். மெல்ல மெல்லக் கெட்டது, இனித் திரும்பாது என்ற பொருள் அதில் இருக்கிறது. துருவோடும் மக்கலோடும் கலந்துவிட்டதால் கலைச்சொல்லாக எடுக்க முடியவில்லை, வருத்தம்தான். மெக்கானிக்குக்கு விளக்கும்போது 'உள்ளுக்குள் இற்றுப்போயிருக்கிறது' என்றால் உடனே பிடிபடும்.

அப்புறம் ஒன்று. அயர்ச்சி மணிக்கணக்கைப் பார்ப்பதில்லை, தடவைகளை எண்ணுகிறது. தரையைத் தொட்டதும் நிற்காமல் மறுபடி மேலெழும் பயிற்சியில் ஒரு மணி நேரத்துக்கு ஐந்து இறக்கம் என்று வைத்தாலும், ஆயிரம் மணி நேரத்தில் 5,000 தடவை அந்தக் கால் வளைந்து நிமிர்ந்திருக்கும். ஊருக்கு ஊர் பறக்கும் இன்னொரு விமானம் அதே ஆயிரம் மணி நேரத்தில் சில நூறு தடவைதான் இறங்கியிருக்கும். பதிவேட்டில் பறந்த நேரத்தை மட்டும் எழுதினால் இரண்டும் ஒரே வயதாகத் தெரியும். பயிற்சி விமானத்தின் காலை, பெயின்ட் உரிந்த அடிப்பக்கத்தை, பூதக்கண்ணாடியும் விளக்கும் வைத்து அடிக்கடி பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால், எஃகுக் காலைக் காந்தமாக்கி, இரும்புத் துகள் தூவிச் சோதிக்க வேண்டும். விரிசல் இருக்கும் இடத்தில் துகள்கள் கோடாகச் சேர்ந்து நிற்கும்.