இன்ஹேலர் மருந்து குதிரையின் நுரையீரலோடு நிற்பதில்லை

குதிரைக்கு ஆஸ்துமா என்று ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதிக்கொடுத்தால் வளர்ப்பவர்கள் பலர் நிம்மதி அடைகிறார்கள். ஊசி இல்லை, மருந்தும் நுரையீரலைத் தாண்டாது என்று நம்புகிறார்கள். இதில் பாதிதான் உண்மை.

குதிரை வாயால் மூச்சு விடாது, மூக்குதான் ஒரே வழி. மாஸ்க் வைத்து அடிக்கும் மருந்தில் ஒரு பங்கு அந்த நீளமான மூக்கிலேயே படியும். மூக்குச் சவ்வு அதில் கொஞ்சத்தை உறிஞ்சும், கொஞ்சம் தொண்டைக்குள் இறங்கி விழுங்கப்படும். புளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து விழுங்கப்பட்டால் கல்லீரல் அதைப் பெருமளவு செயலிழக்கச் செய்துவிடும். சுமார் 5 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே உள்ள துளிகள்தான் சிறு காற்றுக்குழாய்கள்வரை போகும். அங்கே மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கமே ரத்தம். அங்கு உறிஞ்சப்படும் மருந்து கல்லீரலைச் சந்திக்கும் முன்பே உடல் முழுக்கப் போய்விடும். ஆகவே இன்ஹேலரைச் சரியாகப் போடப்போட, ரத்தத்திலும் மருந்து கூடத்தான் செய்யும்.

புளூட்டிகசோன், பெக்லோமெத்தசோன் இரண்டுமே குதிரையின் கார்ட்டிசாலை, அதாவது உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டை, குறைக்கக்கூடியவை. நிறுத்தினால் பெரும்பாலும் சில நாட்களில் மீண்டுவிடும். ஊசியோடு ஒப்பிட்டால் ஆபத்து குறைவுதான், அதனால் இன்ஹேலரையே நானும் விரும்புகிறேன். ஆனால் அதே வாரம் மூட்டுக்கும் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால், அல்லது குதிரைக்கு முன்பு லேமினைட்டிஸ் (குளம்புக்குள் வரும் அழற்சி) வந்திருந்தால், மருத்துவரான எனக்குக் கட்டாயம் தெரிய வேண்டும்.

சிக்லெசோனைடு என்ற ஸ்டீராய்டு கொஞ்சம் வேறு மாதிரி. செயலற்ற நிலையில் உள்ளே போய், நுரையீரலில் உள்ள நொதிகளால்தான் வேலை செய்யும் மருந்தாக மாறுகிறது. குதிரைகளுக்கென்றே தயாரித்த இந்த இன்ஹேலருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் அனுமதி கொடுத்தது. ஒருமுறை அழுத்தினால் 343 மைக்ரோகிராம், மொத்தம் 10 நாள். கார்ட்டிசால் பாதிப்பு மிகக் குறைவு.

அப்புறம், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி மருந்தை நெபுலைசரில் (மருந்தை நுண்துளிகளாக்கும் கருவி) ஊற்றிக் கொடுப்பது. அது மூச்சுக்குழாய்க்காகச் செய்த மருந்தே அல்ல, தீவிர ஆஸ்துமாவில் அதற்குப் பலன் தெரியவில்லை. தயவுசெய்து வேண்டாம்.

பந்தயத்துக்கோ போட்டிக்கோ போகும் குதிரை என்றால் முதல் நாளே சொல்லுங்கள். இன்றைய பரிசோதனைகள் மிக நுண்ணிய அளவையும் பிடித்துவிடும், இன்ஹேலர் என்பதற்காக விதியில் சலுகை கிடைக்காது.

மருந்தைக் குறைக்க நல்ல வழி தூசியைக் குறைப்பது. காய்ந்த புல்லை நனைத்தோ ஆவியில் வைத்தோ கொடுங்கள். வலையில் தொங்கவிட்டால் தூசி நேரே மூக்குக்குப் போகும், தரையில் வையுங்கள். லாயத்தைக் கூட்டும்போது குதிரையை வெளியே கட்டுங்கள்.