எதிர்க்காற்றில் ஏறும் வட்டு

ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடம் கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில். 1998 செப்டம்பரில் அங்கே புதிதாக எழுந்திருந்த தேசிய அரங்கில் காமன்வெல்த் போட்டி நடந்தது. பெண்கள் வட்டெறிதலில் நியூசிலாந்தின் பியாட்ரிஸ் ஃபவுமுய்னா 65.92 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். 1994 காமன்வெல்த்தில் வெள்ளி, 1997-இல் ஏதென்ஸில் உலகச் சாம்பியன், கோலாலம்பூருக்குப் பிறகு 2002-இல் மான்செஸ்டரிலும் தங்கம். ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கடைசிவரை கைக்கு வரவில்லை.

இந்த விளையாட்டில் கைபலம் பாதிக் கதைதான். இடைநிலைப்பள்ளித் திடலில் நல்ல வாட்டசாட்டமான பிள்ளையாகப் பார்த்து வட்டைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அது பெரும்பாலும் தள்ளாடிப்போய்ப் பக்கத்திலேயே விழும். காரணம், வட்டு சுழலவில்லை.

வீராங்கனை 2.5 மீட்டர் வட்டத்துக்குள், எறியும் திசைக்கு முதுகைக் காட்டி நிற்பார். ஒன்றரைச் சுற்று சுற்றுவார். காலில் பிறந்த வேகம் இடுப்புக்கு ஏறி, தோளைக் கடந்து, கடைசியாகக் கைக்கு வரும். வட்டு ஆள்காட்டி விரலில் உருண்டபடி கிளம்பும். அந்தக் கடைசி உரசல்தான் அதைச் சுழல வைக்கிறது. சுற்றும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழலும் வட்டும் தன் சாய்வை மாற்றாமல் பறக்கும். எடையின் பெரும்பகுதியை ஓரத்து உலோக வளையத்தில் வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

சரி, காற்று? முதுகுக்குப் பின்னாலிருந்து அடித்தால் நல்லது என்றுதான் தோன்றும். உண்மை நேர் எதிர். பட்டம் விட்டவர்களுக்கு இது தெரியும்: காற்றுக்கு எதிரேதான் ஓடுவோம். வட்டு நொடிக்கு 24 மீட்டர் வேகத்தில் போகிறது, எதிரே 6 மீட்டர் வேகத்தில் காற்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டைப் பொறுத்தவரை காற்றின் வேகம் 30 மீட்டர். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், அது ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும். பின்னிழுக்கும் விசையும் கூடவே கூடும்தான். ஆனால் வட்டு ஒல்லி. சாய்வு குறைவாக இருக்கும்வரை லாபமே மிஞ்சும். முன்விளிம்பு கொஞ்சம் அதிகமாக நிமிர்ந்துவிட்டால் போச்சு, தொப்பென்று விழும்.

பெண்களுக்கு இந்த லாபம் இன்னும் அதிகம். ஆண்களின் வட்டு 2 கிலோ, விட்டம் சுமார் 22 செ.மீ. பெண்களுடையது 1 கிலோ, சுமார் 18 செ.மீ. எடை பாதியாகிறது, பரப்போ மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது. ஆகவே ஒவ்வொரு கிராமையும் தாங்கப் பெண்களின் வட்டில் கூடுதல் பரப்பு உண்டு.

1988-இல் கிழக்கு ஜெர்மனியின் காப்ரியேலே ரைன்ஷ் எறிந்த 76.80 மீட்டர்தான் பெண்கள் உலகச் சாதனை. அந்நாட்டு அரசே நடத்திய ஊக்கமருந்துத் திட்டம் பின்னாளில் அம்பலமானதால், அக்காலத்துத் தூரங்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஆண்களில் லிதுவேனியாவின் மைகோலஸ் அலெக்னா 2025 ஏப்ரலில் 75.56 மீட்டர் எறிந்தார். அதே மாதம் அமெரிக்காவின் வேலரி ஆல்மன் 73.52 மீட்டர் எறிந்தார். இருவரும் எறிந்தது ஓக்லஹோமா மாநிலத்தின் ரமோனாவில், காற்று வீசும் திறந்தவெளித் திடலில். 100, 200 மீட்டர் ஓட்டங்களில் பின்காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனை செல்லாது. வட்டெறிதலுக்கு அப்படி ஒரு வரம்பே இல்லை.