மூட்டைக்குள் சரக்கு, மேலே சீட்டு

கார்த்திகை பிறந்தால் சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாகிவிடும். பறித்த பழத்தை எடை போட்டு, தோல் உரித்து, களத்தில் காயவைத்து, மூட்டை கட்டி விற்பார்கள். ஏற்காட்டில் சிறு தோட்டம் வைத்திருக்கும் என் சித்தப்பா இதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வந்தார். அதையே ஐபோன் ஆப்பாகச் செய்து தரலாம் என்று சேலத்தில் உட்கார்ந்து ஸ்விஃப்ட் என்ற நிரல் மொழியில் எழுத ஆரம்பித்தேன். அதில் எனம் (enum) எதற்கு, அதற்குள் மெத்தட் எதற்கு என்பது அந்த வேலையில்தான் எனக்குப் புரிந்தது.

முதலில் ஒவ்வொரு சரக்குக்கும் எடை, காய்ந்த நாள், மூட்டை எண்ணிக்கை, விலை என்று நான்கு மாறிகள் வைத்தேன். தேவைப்படாதது காலியாகக் கிடக்கட்டும் என்று விட்டதுதான் தவறு. இரண்டாவது வாரம் சித்தப்பா போன் செய்தார்: "கண்ணு, களத்துல காயறத வித்தாச்சுன்னு காட்டுதே?" நாள் பெட்டியில் 3 இருந்தது, விலைப் பெட்டியிலும் ஏதோ ஒரு எண் ஏறியிருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நிரம்பக்கூடாது என்பது எனக்குத் தெரியும், நிரலுக்குத் தெரியாது.

அதைத் தெரிவிக்கும் வழிதான் எனம், அதாவது ஒரு பொருள் இருக்கக்கூடிய நிலைகளை கேஸ் கேஸாக வரிசைப்படுத்தும் வகை. ஒரு சரக்கு ஒரு நேரத்தில் ஒரு நிலையில்தான் இருக்கும்: பறித்தது, காய்கிறது, மூட்டை, விற்றது. இந்த ஒவ்வொரு கேஸும் தனக்கு வேண்டிய மதிப்பைக் கையோடு வைத்துக்கொள்ளும். பறித்தது என்றால் கிலோ, காய்கிறது என்றால் நாள், விற்றது என்றால் ரூபாய். ஸ்விஃப்டில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், நான் அப்படித்தான் வைத்தேன். இப்போது காய்கிற சரக்குக்கு விலை எழுத வேண்டும் என்று நினைத்தாலும் எழுத இடமே கிடையாது.

நினைவகத்தில் இது சாக்கு மூட்டை போலத்தான். உள்ளே போவது எதுவானாலும் இடம் ஒன்றுதான், உள்ளே இருப்பது என்ன என்பதைச் சொல்ல மேலே ஒரு சீட்டு. மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று சொல்லும் ஸ்விஃப்டின் ஆப்ஷனல்கூட இரண்டே கேஸ் கொண்ட எனம்தான். 64 பிட் கருவியில் ஒரு முழு எண்ணுக்கு 8 பைட், அதையே ஆப்ஷனல் ஆக்கினால் 9. அந்த ஒரு பைட்தான் சீட்டு.

சரி, எனத்துக்குள் மெத்தட், அதாவது அதற்கென்றே எழுதும் செயல்பாடு, எதற்கு? சீட்டைப் படித்து உள்ளே இருப்பதை எடுக்கும் வேலையை எனத்துக்குள்ளேயே வைப்பதற்கு. 'விவரம்' என்று ஒரு மெத்தட் எழுதினேன். அது செல்ஃப் மேல், அதாவது கையிலிருக்கும் அந்தச் சரக்கின் மேலேயே, ஸ்விட்ச் போட்டு எந்தக் கேஸ் என்று பார்க்கும்; காய்கிறது என்றால் அதிலிருக்கும் நாள் எண்ணிக்கைக்கு லெட் போட்டு ஒரு பெயர் வைத்து வெளியே எடுத்து, "களத்தில் 3ஆம் நாள்" என்று திருப்பித் தரும். பட்டியல் பக்கம், நினைவூட்டல், ரசீது எல்லாமே விவரம் என்று கூப்பிட்டால் போதும். எந்த நிலை என்று அவை கேட்க வேண்டியதே இல்லை.

நிலையை மாற்றும் மெத்தடும் உண்டு, அதற்கு முன்னால் மியூட்டேட்டிங் என்று எழுத வேண்டும். 'மூட்டைகட்டு' என்ற என் மெத்தட், சரக்கு காய்கிற நிலையில் இருந்தால் மட்டும் செல்ஃபையே மூட்டை என்று மாற்றிவிடும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாறிய கணத்தில் பழைய நாள் கணக்கு போய்விடும். எத்தனை நாள் காய்ந்தது என்பது பின்னால் வேண்டுமானால் வேறிடத்தில் குறித்து வைக்க வேண்டும். எனத்துக்குள் தனியாகச் சேமிக்கும் மாறி வைக்க ஸ்விஃப்ட் அனுமதிக்காது.

அடுத்த பருவத்தில் சித்தப்பா, தோல் உரித்தபின் தொட்டியில் ஊறும் நேரத்தையும் குறிக்க வேண்டும் என்றார். 'ஊறுகிறது' என்று மணிக்கணக்கோடு ஒரு கேஸ் சேர்த்தேன். சேர்த்ததும் நிரல் எழுதும் மென்பொருளான எக்ஸ்கோடு ஐந்து இடத்தில் பிழை என்று சிவப்புக் காட்டியது. ஸ்விட்ச் என்றால் எல்லாக் கேஸுக்கும் பதில் இருந்தாக வேண்டும் என்பது ஸ்விஃப்டின் விதி. அந்த ஐந்தையும் நிரப்பினேன். அப்புறம் ஓட்டிப் பார்த்தால், தொட்டியில் ஊறும் சரக்கு விற்பனைக்குத் தயார் பட்டியலில் நின்றது. அந்தப் பக்கத்தின் ஸ்விட்சில் மட்டும் சோம்பலில் டிஃபால்ட், அதாவது 'மற்றதெல்லாம்', என்று எழுதியிருந்தேன், அதனால் நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் வாயே திறக்கவில்லை. டிஃபால்ட்டை அழித்துவிட்டு ஐந்து நிலைகளையும் பெயர் சொல்லியே எழுதினேன்.