தலையணையைப் பிடுங்காதீர்கள்

சிசேரியன் முடிந்த மறுநாள் காலை வார்டுக்குப் போனால், அந்தப் பெண் கழுத்தைக்கூட அசைக்காமல் மல்லாந்து கிடக்கிறார். தலையணை இல்லை. குழந்தை பசித்து அழுகிறது. ஒருக்களித்துப் பால் கொடுக்கவும் அவருக்குப் பயம். "தலையைத் தூக்கினால் ஆயுசுக்கும் தலைவலி" என்று உறவினர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். மயக்க மருத்துவராக இதை எத்தனை முறைதான் பார்ப்பது!

சிசேரியனுக்காக இடுப்புக்குக் கீழே மரத்துப்போக முதுகில் போடும் ஊசிக்குப் பின் சிலருக்குத் தலைவலி வருவது உண்மைதான். ஊசி துளைத்த இடத்தில் தண்டுவடத் திரவம் கசிவதே அதற்குக் காரணம். தலையணைக்கு அதில் பங்கில்லை. துளை எவ்வளவு பெரிது, ஊசிமுனை எப்படிப்பட்டது என்பதே முக்கியம். 25, 27 கேஜ் அளவில் (எண் கூடக் கூட ஊசி மெல்லியது) பென்சில் முனை ஊசிகள் வந்தபின் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. வந்த வலி படுத்தால் அடங்கும். அதைப் பார்த்துத்தான் படுத்தே கிடந்தால் வராது என்று நம்பிவிட்டார்கள். ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. ரத்த அழுத்தம் இறங்கியிருந்தால் நாங்களே படுக்கச் சொல்வோம். அது வேறு விஷயம்.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்பது உண்மையில் முக்கியமாவது ஊசி போடும்போதுதான். தோள்களைத் தளர்த்தி, தாடையை மார்போடு சேர்த்து, கீழ்முதுகை எங்கள் பக்கம் வளைத்துக் கொடுங்கள். எலும்புகளுக்கிடையே வழி திறக்கும். விறைத்து நிமிர்ந்தால் ஊசி எலும்பில் முட்டும், திரும்பத் திரும்பக் குத்த நேரும், அந்த இடம் சில நாள் வலிக்கும். பல வருடம் கழித்து வரும் இடுப்பு வலிக்கெல்லாம் இந்த ஊசியைக் குற்றம் சொல்லாதீர்கள். மருந்து ஏறியதும் நாங்கள் கிடத்தியபடியே இருங்கள். மரப்பு எவ்வளவு உயரம் ஏறும் என்பது அதைப் பொறுத்தது.

உறவினர்களே, மரத்துப்போன காலைக் கவனியுங்கள். முழங்காலின் வெளிப்புறம் கட்டில் கம்பியில் நெடுநேரம் அழுந்தினால் நரம்பு நசுங்கிப் பாதம் தொங்கிப்போகலாம்; நோயாளிக்கு வலி தெரியாது. வெந்நீர்ப் பை வைக்கவே வைக்காதீர்கள். முதன்முறை எழும்போது செவிலியர் அருகில் இருக்கட்டும்.

உட்கார்ந்தால் ஏறி, படுத்தால் இறங்கும் தலைவலி வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையில் தீராவிட்டால், நோயாளியின் ரத்தத்தையே எடுத்து முதுகில் செலுத்திக் கசிவை அடைக்கும் சிகிச்சை இருக்கிறது. காய்ச்சல், பார்வைக் கோளாறு, சிறுநீர் வராமை, கால் மரப்பு விலகாமை இவற்றில் எது இருந்தாலும் அன்றே, அப்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.