நுரையீரலில் புள்ளி தெரிந்தால்

சென்ற வருடம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு ஆயாவை மகன் அழைத்து வந்தார். மூன்று வருடம் முன்பு பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவர். இப்போது ஸ்கேனில் வலது நுரையீரலில் இரண்டு சிறு முடிச்சுகள். "அம்மாவுக்கு லங் கேன்சர், சொல்லிவிடாதீர்கள் டாக்டர்" என்று மகன் ஆங்கிலத்தில் சொன்னார். ஆயாவுக்கு அது நன்றாகவே புரிந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது.

குடலில் தொடங்கிய புற்றுநோய் நுரையீரலுக்குப் போனாலும் குடல் புற்றுநோய்தான். மருந்தும் அதற்கேற்றதுதான். அதைவிட முக்கியம், அந்த முடிச்சுகள் புற்றுநோய்தானா என்பதே அன்று யாருக்கும் தெரியாது. தென்னாப்பிரிக்காவில் டிபி அதிகம். பழைய டிபியின் வடுவும் ஸ்கேனில் இப்படித்தான் உருண்டையாகத் தெரியும். அதனால் பழைய ஸ்கேன் தகடுகளைத் தூக்கிப் போடாதீர்கள். மகன் வீட்டில் தேடி எடுத்து வந்த தகட்டில், ஒரு முடிச்சு மூன்று வருடம் முன்பே அதே அளவில் இருந்தது. மற்றொன்றுதான் புதிது.

பரவிவிட்டது என்றாலே ஆபரேஷன் கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஆனால் சில நிபந்தனைகள் உண்டு: முதலில் வந்த இடத்தில் நோய் அடங்கியிருக்க வேண்டும், வேறெங்கும் கட்டுக்கடங்காமல் பரவியிருக்கக் கூடாது, முடிச்சுகள் எல்லாவற்றையும் எடுக்க முடிய வேண்டும், மிஞ்சும் நுரையீரல் மூச்சுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். மூச்சுப் பரிசோதனையோடு, நான் நோயாளியை மாடிப்படி ஏறச் சொல்லியும் பார்ப்பேன்.

விலா எலும்புகளுக்கு நடுவே சிறு துளையிட்டு, அந்தப் பக்க நுரையீரலைக் காற்றிறக்கி, விரலால் தடவித் தேடுவோம். பஞ்சுக்குள் மாட்டிய பச்சைப்பயறு போலத் தட்டுப்படும். சுற்றிலும் கொஞ்சம் நல்ல திசுவோடு ஸ்டேப்ளரால் வெட்டி எடுப்போம். அப்புறம் சில நாள் நெஞ்சில் குழாய் இருக்கும். ஆழத்தில் இருந்தால் நுரையீரலின் ஒரு மடலையே (பெரிய பகுதியையே) எடுக்க வேண்டி வரலாம். சிலருக்குத் துல்லியக் கதிர்வீச்சே போதும்.

பலனையும் உள்ளபடி சொல்ல வேண்டும். 1997-இல் வெளியான, நுரையீரலுக்குப் பரவிய புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட 5,206 பேரின் பதிவேட்டில், முழுமையாக எடுக்கப்பட்டவர்களில் 36 சதவீதம் பேர் ஐந்து வருடம் வாழ்ந்தார்கள். ஆனால் அவர்கள் ஆபரேஷனுக்குத் தகுதியானவர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். குடல் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவிய 93 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வில், ஆபரேஷன் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முடிவாகச் சொல்ல அது சிறிய ஆய்வு. அதனால்தான் புற்றுநோய் மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், அறுவை மருத்துவர் மூவரும் சேர்ந்து பார்த்தார்களா என்று கேளுங்கள்.

ஆயாவிடம் இதையெல்லாம் தமிழிலேயே சொன்னேன். மகனைப் பார்த்துவிட்டு, "சரி, எடுத்துடுங்க" என்றார். எடுத்தது குடல் புற்றுநோய்தான் என்று சோதனையில் வந்தது. அடுத்த ஸ்கேன் ஜூலையில்.